நாலு குமிழையும் முழுசாகத் திருகினால்

'லெஃப்ட் ஹேண்ட் பாத்' ஆல்பத்தை முதல்முறை ஹெட்போனில் கேட்டபோது கேபிள்தான் போய்விட்டது என்று நினைத்து, ஜாக்கைப் பிடுங்கி சட்டையில் துடைத்து மறுபடி செருகினேன். கேபிள் நன்றாகத்தான் இருந்தது. கிட்டார் சத்தமே அப்படி, மரம் அறுக்கிற மெஷின் மாதிரி.

ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த என்டூம்ட் என்ற டெத் மெட்டல் (உறுமல் குரலும் முரட்டுக் கிட்டாரும் கொண்ட ராக் இசை வகை) குழுவின் முதல் ஆல்பம் இது, 1990-ல் வந்தது. சன்லைட் ஸ்டுடியோவில் தோமாஸ் ஸ்கூக்ஸ்பெர்க் பதிவு செய்தார். அந்த ரம்பச் சத்தம் வந்தது பாஸ் கம்பெனியின் ஹெச்எம்-2 என்ற சின்னக் கறுப்புப் பெடலிலிருந்து, அதாவது கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே செருகி சத்தத்தை மாற்றுகிற பெட்டியிலிருந்து. அதில் நாலு குமிழ்கள் உண்டு: வால்யூம், கீழ்ச்சுரம், மேல்சுரம், டிஸ்டார்ஷன் (சத்தத்தைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது). நாலையும் கடைசிவரை திருகிவிட்டார்கள், அவ்வளவுதான்!

சரி, உள்ளே என்ன நடக்கிறது? கம்பியின் அதிர்வு மின் அலையாகப் பெடலுக்குள் போகிறது, சுற்று அதைப் பெருக்கிக்கொண்டே போக, ஒரு அளவுக்கு மேல் டையோடுகள் என்ற சின்ன மின்னணுப் பாகங்கள் விடுவதில்லை, அலையின் தலையைத் தட்டையாக வெட்டிவிடுகின்றன. வளைவாக இருந்த அலை கிட்டத்தட்ட சதுரமாகிவிடும். சதுர முனைகள் தானாக வராது, மூல அதிர்வெண்ணின் 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்கு என்று மேற்சுரங்கள் சேர்ந்தால்தான் அந்த வடிவம் கிடைக்கும். கம்பியில் மெலிசாக இருந்த கரகரப்பு இப்படித்தான் முன்னால் வந்து நிற்கிறது. வெட்டி முடித்த பிறகு பெடல் 1000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை இன்னும் தூக்கிவிடுகிறது. ரம்பத்தின் பல் அங்கேதான் இருக்கிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. இரண்டு சுரங்களைச் சேர்த்து வெட்டினால், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமும் தனிச் சுரமாகப் பிறக்கும். சாதாரண சுருதியில் கிட்டாரின் அடிக்கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதோடு பஞ்சமம் 123. கழித்தால் 41, அதாவது பேஸ் கிட்டாரின் அடிக்கம்பி! யாரும் வாசிக்காத சுரம் ஒன்று அடியில் உறுமுகிறது. என்டூம்ட் குழுவினர் சுருதியையும் நன்றாக இறக்கி வைத்திருந்தார்கள், கேட்கவா வேண்டும். ஆனால் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றையும் சேர்த்து இதே பெடலில் அடித்துப் பாருங்கள், வித்தியாசச் சுரங்கள் ஒன்றோடொன்று முட்டி வெறும் கூழாகிவிடும். மெட்டலில் ஏன் எப்போதும் இரண்டே சுரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள் என்பதற்கு இது ஒரு நல்ல காரணம்.

ஆல்பம் வந்த பிறகு ஸ்வீடன் டெத் மெட்டலுக்கு இந்தச் சத்தமே அடையாளமாகிவிட்டது. டிஸ்மெம்பர் குழு 1991-ல் தன் முதல் ஆல்பத்தை அதே ஸ்டுடியோவில் பதிவு செய்தது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் பாஸ் கம்பெனி ஹெச்எம்-2 தயாரிப்பை நிறுத்திவிட்டது. அப்புறம் பழைய பெடல்களுக்கு செகண்ட் ஹேண்ட் சந்தையில் விலை ஏறிக்கொண்டே போக, 2021-ல் மறுபடி கொண்டுவந்தார்கள். புதியதில் இரண்டு மோடுகள் உண்டு, குமிழ்களை நுணுக்கமாகத் திருகி எத்தனையோ விதமான தொனி எடுக்கலாம். வாங்கியவர்கள் முதல் வேலையாக நாலையும் கடைசிவரை திருகியிருப்பார்கள்.