தலைப்புல அடிச்சவங்க எங்க போனாங்க?

பல வருஷமா பத்திரிகை டெஸ்க்ல உக்காந்து அரசியல் செய்திக்கு தலைப்பு போடுறது தான் என் வேலை. ஒரு நாள் ராத்திரி பேஜ் முடியுற நேரத்துல வந்த செய்தில போராட்டம் பண்ணவங்கள போலீஸ் தடியால அடிச்சுது, 6 பேருக்கு காயம்னு நிருபர் தெளிவா எழுதியிருந்தார். நான் போட்டது 'போராட்டத்தில் மோதல்: 6 பேர் காயம்'. யாரும் என்ன அப்படி போடச் சொல்லல, எடம் பத்தலன்னு தான் நெனச்சேன். ஆனா காலைல படிக்கிறவங்களுக்கு ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்ட மாதிரி தான இருக்கும், அடிச்சவங்க அந்த வரியிலயே இல்லையே.

1975ல ரொடீசியாவோட (இப்ப ஜிம்பாப்வே) தலைநகர் சாலிஸ்பரில கூட்டத்த போலீஸ் சுட்டதுல 11 பேர் செத்தாங்கன்னு முதல் தகவல் வந்துச்சு. லண்டன் 'தி டைம்ஸ்' தலைப்பு 'கலவரம் செய்த கறுப்பர்கள்'னு ஆரம்பிச்சு, அதுக்கப்புறம் தான் போலீஸால சுட்டுக் கொல்லப்பட்டாங்கன்னு சொல்லுது. 'தி கார்டியன்' எடுத்ததுமே போலீஸ் 11 பேர சுட்டுச்சுன்னு சொல்லுது. மொழி ஆய்வாளர் டோனி ட்ரூ இத 1979ல பிரிச்சு ஆராஞ்சு காட்டினார், ரெண்டுலயும் பொய் இல்ல, ஆனா முதல்ல யார நிறுத்துறோமோ பழி அங்க தான் போய் ஒட்டுது.

தமிழ்ல இது இன்னும் நுணுக்கம். அமைச்சர் சொன்ன ஒரே பதில் ஒரு பேப்பர்ல 'விளக்கம்', இன்னொண்ணுல 'மழுப்பல்'. ஒரே திட்டம் ஒருத்தருக்கு நலத்திட்டம், இன்னொருத்தருக்கு இலவசம், இலவசம்னு போட்டதுமே வாங்குறவங்க தலை குனியணும்னு ஆயிடுது. எனக்கு ரொம்ப வலிக்கிறது வினை விகுதி தான், செயின் பறிச்ச பையன் 'கைது செய்யப்பட்டான்', ஊழல் வழக்குல சிக்கின தலைவர் 'கைது செய்யப்பட்டார்', ரெண்டு பேர் மேலயும் இன்னும் தீர்ப்பே வரல.

தலையங்கத்துல சார்பு இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும், அத எதிர்பாத்து தான் படிக்கிறோம். ஆனா 'ஆன்', 'ஆர்'ல இருக்குறத யாரும் நின்னு பாக்குறதில்ல, அது அப்படியே உள்ள போயிடுது. இப்ப நான் பேஜ அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தலைப்புலயும் செஞ்சது யாருன்னு தேடுறேன். அந்த பழைய தலைப்பையும் எடுத்து எண்ணிப் பாத்தேன், 'போராட்டத்தில் மோதல்' 10 எழுத்து, 'போலீஸ் தடியடி' 7 எழுத்து தான்.