‘கல்ட்’ என்று முத்திரை குத்தும் முன் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் மனநல மருத்துவராக இருக்கிறேன். சமீபத்தில் ஒரே வாரத்தில் பார்த்த இரண்டு குடும்பங்கள்தான் இதை எழுத வைத்தன. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் குடும்பம் மகளைக் கையைப் பிடித்து இழுத்து வராத குறை. “டாக்டர், யாரோ மருந்து வச்சுட்டாங்க. ஏதோ கல்ட்ல சேர்ந்துட்டா. ஊசி போட்டு அட்மிட் பண்ணிடுங்க” என்றார் அப்பா. கல்ட் என்றால், ஆட்களைத் தலைவரின் பிடியிலேயே வைத்திருக்கும் குழு. அந்தப் பெண்ணிடம் தனியாகப் பேசினேன். மதம் மாறியிருக்கிறாள். வேலைக்குப் போகிறாள், அம்மாவுக்குப் பணம் கொடுக்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள், பழைய தோழிகளோடு பேசுகிறாள். வீட்டாருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். பல வருஷமாகச் சர்க்கரை நோய். ஒரு குழுவில் இன்சுலினை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், நிறுத்திவிட்டார். நினைவு தடுமாறிய நிலையில் கொண்டு வந்தார்கள். ஆறு மா (சுமார் இரண்டு ஏக்கர்) நிலத்தை அந்தக் குழுவை நடத்துகிறவர் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தது பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது. இங்கே ‘கல்ட்’ என்ற வார்த்தையை யாருமே எடுக்கவில்லை. “நம்ம சாமிதானே டாக்டர், நல்லவங்கன்னு நினைச்சோம்” என்றார் மகன்.

இதைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கும்பிடுவது நமக்குப் புதிதாக இருந்தால் கல்ட். நமக்குப் பழகிய படம் சுவரில் மாட்டியிருந்தால், உள்ளே என்ன நடந்தாலும் பக்தி. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒருவரையும் காப்பாற்ற முடியாது.

தீவிரமான நம்பிக்கைக்கும் நான் சொல்லும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை. நம் டெல்டாவில் இதை விளக்க வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தை ஒட்டித் தஞ்சாவூர்ச் சாலையெல்லாம் காவி உடுத்திக் கால் கொப்பளிக்க வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். நாகூர் கந்தூரிக்கு எல்லா மதத்தவரும் போகிறார்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் விரதம் இருந்து தரையில் படுக்கிறார். மடத்தில் தீட்சை வாங்கியவர் சாகும்வரை நியமம் தவறுவதில்லை. வெளியூர்க்காரர் பார்த்தால் எல்லாமே விநோதம்தான். ஆனால் மாலையைக் கழற்றியதும் அந்த மனிதர் கடையைத் திறக்கிறார். அடுத்த வருஷம் மாலை போடாவிட்டால் யாரும் வீடு தேடி வந்து “உன் பிள்ளைக்கு விபத்து நடக்கும்” என்று மிரட்டுவதில்லை.

அதனால் எதை நம்புகிறார்கள் என்பதை விட்டுவிடுங்கள். கேள்வி கேட்டவருக்கு அங்கே என்ன நடந்தது? விலகிப்போனவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள்? பணம் எங்கே போகிறது என்று கேட்டால் பதில் வருமா? மருந்து, தூக்கம், சாப்பாடு, தாம்பத்தியம், பிள்ளைகளின் படிப்பு, இதையெல்லாம் முடிவு செய்வது யார்? ‘மனசைத் திறந்து பேசு’ என்று வாங்கிய ரகசியங்கள் பிறகு எதற்குப் பயன்பட்டன? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எனக்குப் போதும். அங்கே எந்தச் சாமி என்று நான் கேட்கவே மாட்டேன்.

சாமியே இல்லாமலும் நடக்கும். அமெரிக்காவில் நெக்சியம் என்ற அமைப்பு வெளியே தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்பாகத்தான் இருந்தது. உள்ளே பெண்களிடம் அந்தரங்கப் படங்களை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு அடிமைப்படுத்தினார்கள். தலைவர் கீத் ரனீரிக்கு 2020-இல் 120 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. நம் ஊர் கல்யாண மண்டபங்களில் ‘ஆள் சேர்த்தால் கோடீஸ்வரன்’ என்று கைதட்ட வைக்கிறார்களே, அங்கேயும் “சேராத சொந்தக்காரனோடு பேசாதே, அவன் நெகட்டிவ்” என்று சொல்லிக் கொடுப்பதை என் நோயாளிகள் வாயால் கேட்டிருக்கிறேன். ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 1978-லிருந்தே இருக்கிறது.

பழகிய சாமி என்பதும் பாதுகாப்பு இல்லை. விராலிமலைப் பக்கம் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவிடம் ஆதரவற்ற சிறுமிகளை நம்பித்தான் ஒப்படைத்தார்கள். 1994-இல் கைது. பாலியல் வன்கொடுமைக்கும் கொலைக்கும் 1997-இல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தது. அதற்குப் பிறகும் அவரை நம்பியவர்கள் இருந்தார்கள்.

அடுத்து எல்லோரும் சொல்வது: “படிச்சவன் போவானா?” போவான். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் விஷத்தை விட்ட ஓம் ஷின்ரிக்கியோ என்ற ஜப்பானியக் குழுவின் ஆட்களில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். எங்கள் துறையில் இது பழைய செய்தி. அறிவு எவ்வளவு என்பதைவிட, வாழ்க்கையில் எந்த நேரத்தில் வந்து பிடிக்கிறார்கள் என்பதுதான் முக்கியம். கணவர் இறந்த முதல் வருஷம். இன்னொரு வீட்டில் கணவர் துபாயில், மனைவி கைக்குழந்தையோடு தனியாக. அறுவடைக்கு நின்ற சம்பா மூழ்கிய மாதம். பிள்ளை நீட்டில் மறுபடி தவறியபோது. அந்த நேரத்தில் தினமும் சாயங்காலம் யாரோ வந்து உட்கார்ந்து, சாப்பிட்டாயா என்று கேட்டு, அழ விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் யார்தான் போகமாட்டார்கள்? சொந்தக்காரர்கள் பதினாறாம் நாளோடு வருவதை நிறுத்தியிருப்பார்கள். கேட்பதும் சின்னச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம், ஒரு நாள், ஒரு வளையல். 1978 நவம்பர் 18 அன்று தென் அமெரிக்க நாடான கயானாவின் காட்டில், ஜிம் ஜோன்ஸ் என்ற அமெரிக்கச் சபைத் தலைவரின் பின்னால் போன 900-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சிறுவர்கள். அந்தச் சபையில் முதலில் அவர்கள் பார்த்தது, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்காருவதையும் ஏழைகளுக்குச் சோறு போடுவதையும்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கியது கயானா போன பிறகு.

அப்புறம், “அட்மிட் பண்ணுங்க” என்று வருகிறவர்களுக்கு ஒன்று. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, குடும்பத்துக்கோ ஊருக்கோ ஒத்துவராத மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒருவருக்கு மனநோய் என்று முடிவு செய்யக் கூடாது. நான் செய்யமாட்டேன், அதற்காக வேறு எந்த மருத்துவரையும் தேடிப் போகாதீர்கள். வசிய மருந்து எடுக்கிறேன் என்று வாந்தி எடுக்க வைக்கிற இடங்களுக்கும் கூட்டிப் போகாதீர்கள். ஆனால் தூக்கமே இல்லை, காதில் குரல் கேட்கிறது, தானே கடவுள் என்கிறார் என்றால், அது எந்தக் குழுவின் வேலையும் இல்லாமல் வரும் நோயாகவும் இருக்கலாம். உடனே கூட்டி வாருங்கள்.

யார் சொன்னாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்சுலின், வலிப்பு மாத்திரை, மனநோய் மாத்திரை எதையும். சொல்கிறவர் எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும் சரி. பத்திரம், பட்டா, ஆதார் அசல்களைக் கொடுக்காதீர்கள். பவர், செட்டில்மென்ட் என்று சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்தால் ஒரு வக்கீலைப் பார்க்காமல் போகாதீர்கள். பதிவான செட்டில்மென்ட்டை நினைத்தவுடன் ரத்து செய்ய முடியாது, வழக்குதான். பெரியவர்கள் பெயரில் நிலம் இருந்தால் வில்லங்கச் சான்றை அவ்வப்போது இணையத்தில் பாருங்கள். குழந்தைகளைத் தனியாக எங்கேயும் தங்க விடாதீர்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டில் ஒருவர் ஏற்கெனவே சிக்கியிருந்தால், தயவுசெய்து குருவைத் திட்டாதீர்கள். போனைப் பிடுங்குவது, அறையில் பூட்டுவது, “இனி இந்த வீட்டுப் படி ஏறாதே” என்பது, இவையெல்லாம் “குடும்பம் உன் எதிரி” என்று அங்கே சொன்னதை மெய்யாக்கிவிடும். வாரம் ஒரு முறையாவது பேசுங்கள். பிடித்த குழம்பைப் பற்றி, தங்கையின் பரீட்சையைப் பற்றி. அவராகவே “அங்கே இது மட்டும் எனக்குப் பிடிக்கலை” என்று ஏதாவது சொன்னால் பாய்ந்து பிடிக்காமல், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.

வெளியே வந்தவர்கள் உடைந்துபோய் வருகிறார்கள். பணம் போயிருக்கும், நண்பர்கள் அனைவரும் உள்ளேயே இருப்பார்கள், தண்டனை வரும் என்ற பயம் மாதக்கணக்கில் போகாது. “அப்பவே சொன்னேனே” என்ற வார்த்தை வீட்டில் யார் வாயிலும் வரக் கூடாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. இருக்கிறது என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். ராத்திரியாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.