காந்தத்துக்குப் புற்றுநோய் தெரியாது

காந்தத்தைக் கட்டிக்கொண்டு வரும் புற்றுநோயாளி, இந்த வருஷத்தில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் ஓ.பி.யில் ஒரு அம்மா. வயது 46, இடது மார்பில் கட்டி. கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன் செய்யலாம் என்று 21 நாளைக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் கீமோ போயிருந்தது. எல்லோரும் 'சிவப்பு மருந்து' என்கிறார்களே, அந்த டாக்ஸோரூபிசினோடுதான். மூன்றாவதுக்கு ஆள் வரவில்லை. ஒன்பது வாரம் கழித்து வந்தார். பரிசோதிக்கும்போது பார்க்கிறேன், பிளவுஸின் உள்பக்கத்தில் ஒரு துணிப்பை தைத்திருக்கிறது. அதற்குள் நான்கு வட்டக் காந்தங்கள். தோல் தடித்துச் சிவந்து கிடக்கிறது. கூடவே ஆன்லைனில் வாங்கிய 'நானோ இரும்பு' மாத்திரை, தினம் இரண்டு. கணவர் போனில் வீடியோவைக் காட்டினார். "காந்தம் மருந்தைக் கட்டிக்கு மட்டும் இழுத்துக்குமாம் மேடம். முடி கொட்டாதாம்."

5 சென்டிமீட்டரிலிருந்து 3க்கு இறங்கியிருந்த கட்டி இப்போது ஐந்தரை.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. 'முடி கொட்டாது' என்ற சொல்லை நம்பி ஒரு பெண் எவ்வளவு தூரம் போவாள் என்பது கீமோ போடும் எங்கள் டே கேர் சிஸ்டர்களுக்குத் தெரியும்.

வீடியோவில் பாதி நிஜம். காந்தத் துகளில் மருந்தை ஏற்றும் ஆராய்ச்சி உண்டு. இரும்பு ஆக்சைடு துகள், அதன்மேல் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருள் மாதிரி ஒரு பூச்சு, அதில் மருந்து. பூச்சு இல்லையென்றால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இருந்தாலும் கல்லீரலும் மண்ணீரலும் ஒரு பங்கை வாரிக்கொள்ளத்தான் செய்யும். ஜெர்மனியில் நடந்து 1996இல் வெளிவந்த முதல் மனிதச் சோதனையில் 14 நோயாளிகள். சிவப்பு மருந்தின் தம்பியான எபிரூபிசினைத் துகளில் ஏற்றிப் போட்டார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் துகள் கட்டியில் போய்ச் சேர்ந்தது. 2010இல் ஐரோப்பாவில் மூளைக் கட்டிக்கு அனுமதி பெற்ற நானோதெர்மில் மருந்தே கிடையாது. துகளை நேராகக் கட்டிக்குள் செலுத்திச் சூடேற்றும் முறை அது. (அதற்குப் பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்தால் அந்த இடம் சரியாகத் தெரியாது என்பது தனித் தலைவலி.) காந்தம் இழுத்துப் போகிற கீமோ எதுவும் இன்றைக்கு வழக்கமான சிகிச்சையில் இல்லை.

இனி அந்த மீதிப் பாதி. நிதானமாகப் படியுங்கள். உங்களுக்குப் போடுகிற டாக்ஸோரூபிசினில் இரும்பு இல்லை. காந்தம் பிடிப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை. சரி, இரும்பு மாத்திரை சாப்பிடுகிறோமே என்பீர்கள். அது குடலில் கரைந்து, புரதத்தோடு சேர்ந்து போய்விடும். துகளாக ரத்தத்தில் மிதக்காது, மருந்தைத் தோளில் தூக்கிக்கொண்டும் போகாது. நம் உடம்பில் ஏற்கெனவே 3, 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில். காந்தம் அதை இழுக்குமென்றால், 1.5 டெஸ்லா (காந்த பலத்தின் அளவு) எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள் படுத்த ஒருவர்கூட எழுந்து வந்திருக்க முடியாது. ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்துக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு பலம்கூடக் கிடையாது.

தூரம் வேறு இருக்கிறது. அந்த அம்மாவின் காந்தங்களில் ஒன்று இப்போது எங்கள் மருந்து ஃப்ரிட்ஜில் டெம்பரேச்சர் சார்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சார்ட்டோடு இன்னும் பல தாள்களைச் சேர்த்து வைத்தால் வழுக்கி விழுகிறது. சில தாள்களின் தடிமனுக்கே இந்தப் பாடு என்றால், நுரையீரலும் கணையமும் எவ்வளவு உள்ளே இருக்கின்றன!

அப்புறம், காந்தம் வைத்த இடத்துக்குத்தான் இழுக்கும். புற்றுநோய் எங்கே என்று அதற்குத் தெரியாது. எலும்பிலோ கல்லீரலிலோ ஸ்கேனுக்கும் தெரியாமல் போய் உட்கார்ந்திருக்கும் செல்களைப் பிடிக்கத்தான் கீமோவை நரம்பில் போடுகிறோம். மருந்து உடம்பெல்லாம் சுற்றுவதைக் குறை என்று நினைக்கிறீர்கள். இந்த அம்மா மாதிரி ஆட்களுக்கு அதுதான் அதன் வேலையே.

மருந்துச் சீட்டில் 'லிபோசோமல்' (நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்த மருந்து), 'நானோ' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அவை பல வருஷமாகப் புழக்கத்தில் உள்ள நிஜ மருந்துகள். காந்தத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

காந்தப் பட்டை, பெல்ட் எதையும் கட்டிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகாதீர்கள். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால் இந்தக் காந்தங்களை அவர் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. ரத்தப் பரிசோதனை பார்த்து நாங்கள் எழுதாமல் இரும்பு மாத்திரை வேண்டாம். 'காந்த ட்ரயல்' என்று யாராவது கூப்பிட்டால் இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண்ணைக் கேளுங்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆராய்ச்சிக்கான செலவை நோயாளி தலையில் கட்டக் கூடாது.

முடி பற்றிய பயத்தை எங்களிடம் சொல்லுங்கள், தயவுசெய்து. சிரிக்க மாட்டோம். கீமோ முடிந்த சில மாதங்களில் பெரும்பாலோருக்குத் திரும்ப வளர்ந்துவிடும். சைக்கிளைத் தள்ளிப்போட நினைத்தால்கூட ஒரு போன் போட்டுவிட்டுத் தள்ளிப்போடுங்கள்.

அந்த அம்மாவுக்கு மறுபடி ஸ்கேன் எடுத்து, திட்டத்தை மாற்றிப் போட்டிருக்கிறோம். செவ்வாய்க்கிழமை கீமோ. திங்களே பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வர வேண்டும் என்று கணவரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன்.