ஸ்டாக் இல்லாமல் ஒரு மரத்தைச் சுற்றிவருவது எப்படி?

கணினி அறிவியல் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "பைனரி ட்ரீயை இன்-ஆர்டரில் சுற்றிவர வேண்டும். ரிகர்ஷனும் கூடாது, ஸ்டாக்கும் கூடாதாம். முடியுமா?"

முடியும்.

பைனரி ட்ரீ என்பது ஒவ்வொரு நோட்டுக்கும் (தரவை வைத்திருக்கும் புள்ளிக்கும்) கீழே இடம், வலம் என்று அதிகபட்சம் இரண்டு பிள்ளைகள் இருக்கும் அமைப்பு. இன்-ஆர்டர் என்றால் முதலில் இடப்பக்கம் முழுவதும், அப்புறம் அந்த நோட், அப்புறம் வலப்பக்கம். ரிகர்ஷனில், அதாவது ஒரு செயல்பாடு தன்னையே அழைக்கும் முறையில், மூன்றே வரி. சிக்கல் திரும்பி வருவதில்தான். நோட்டுக்குத் தன் இரண்டு பிள்ளைகளைத் தெரியும், பெற்றோரைத் தெரியாது. ஏறும் வழியை ஸ்டாக்தான், அதாவது கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்குதான், நினைவில் வைத்திருக்கிறது. மரம் ஒரே பக்கமாக நீண்டால் ஸ்டாக்கும் நீளும். பைத்தானில் ரிகர்ஷனுக்கு உள்ள 1000 என்ற வழக்கமான வரம்பைத் தொட்டதும் நிரல் நின்றுவிடும்.

உச்சியில் 4 என்று வைத்துக்கொள்வோம். அதன் இடம் 2, வலம் 6. 2க்குக் கீழே 1, 3. 6க்குக் கீழே 5, 7. பிள்ளை இருக்கும் இடத்தைச் சுட்டும் பாயிண்டர் நோட்டுக்கு இரண்டு; ஏழு நோட்டுக்கு 14. வேலை செய்பவை 6. மீதி 8 சும்மா கிடக்கின்றன. அங்கே திரும்பும் வழியை ஒரு நூல்போல எழுதிவைக்கலாம் என்று 1960இலேயே கணினி அறிவியலாளர்கள் பெர்லிஸும் தார்ன்டனும் சொல்லிவிட்டார்கள். ஆனால் எது பிள்ளை, எது நூல் என்று பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. 1979இல் மோரிஸ் என்ற கணினி அறிவியலாளர் காட்டிய வழிக்கு அதுவும் வேண்டாம்.

4இல் நிற்கிறோம். வரிசையில் 4க்குச் சற்று முன்னால் வருவது எது? இடப்பக்கக் கிளையின் வலக்கோடியில் இருக்கும் 3. அதன் வலது பாயிண்டர் காலி. அதை 4உடன் ஒரு நூலாகக் கட்டிவிட்டு 2க்கு இறங்குகிறோம். அங்கும் அப்படியே: 1இலிருந்து 2க்கு ஒரு நூல். 1க்கு இடப்பக்கம் இல்லை; அச்சிட்டுவிட்டு வலப்பக்கம் போனால் நூல் நம்மை 2இல் கொண்டுவந்து விடுகிறது.

இந்த இடம் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காது. 2இல் நிற்பது முதல் முறையா, இரண்டாம் முறையா? மறுபடி 1ஐப் போய்ப் பார்க்கிறோம். நூல் ஏற்கெனவே கட்டியிருக்கிறது. இடப்பக்கம் முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி! அவிழ்த்துவிட்டு, 2ஐ அச்சிட்டு, 3க்குப் போகிறோம். அங்கிருந்து அடுத்த நூல் 4க்கு ஏற்றிவிடும். வழியும் நினைவும் ஒரே முடிச்சில். வலக்கோடியைத் தேடித் திரும்பத் திரும்ப நடந்தாலும், மொத்த நடை நோட்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பவே வளர்கிறது.

இதை நேர்முகத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதீர்கள். தாளில் வரைந்து, பென்சிலால் நூல் கட்டி அவிழ்த்துப் பாருங்கள். பாடம் நடத்துபவர்களும் அப்படித்தான் தொடங்க வேண்டும்.

தேடியது கிடைத்ததும் பாதியில் வெளியேறுவது மட்டும் கூடாது. அவிழ்க்காத நூல் மரத்தில் ஒரு வளையமாகத் தங்கிவிடும்; அடுத்து வரும் நிரல் அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.