பெரியப்பா கொட்டான் பின்னும்போது மூளையில் என்ன நடக்கிறது?

தேவகோட்டையில் 32 வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என் பெரியப்பா. ஓய்வு பெற்ற இரண்டாம் மாதம் போனில் பேசும்போது சொன்னார்: "பகல் நகரவே மாட்டேங்குது. ஆனா மாசம் எப்படிப் போச்சுன்னு தெரியலப்பா." காலையில் பேப்பர், பதினொரு மணிக்குத் திரும்பவும் அதே பேப்பர், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் டிவி. அவ்வளவுதான் அவருடைய நாள்.

அவர் சொன்னது ஒன்றுக்கொன்று முரணாகத் தெரியலாம். ஆனால் மூளை நேரத்தை உணர்கிற விதமே அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் பொழுதின் நீளத்தைத் தீர்மானிப்பது கவனம். செய்வதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் கவனம் கடிகாரத்தின் மேலேயே போய் விழும். ஒவ்வொரு நிமிடமும் கனக்கும். கடந்துபோன பொழுதை அளப்பதோ நினைவு. மூளையின் உட்பக்கத்தில் கடல்குதிரை போல வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் அன்றாட நிகழ்ச்சிகளை நினைவாகப் பதிய உதவுகிறது. புதியது என்றால் அது கவனமாகப் பதியும். முப்பது நாளும் ஒரே மாதிரி இருந்தால் தனித்தனியாகப் பதிய என்ன இருக்கிறது? திரும்பிப் பார்த்தால் மாதமே ஒரு நாள் போலச் சுருங்கிக் கிடக்கும்.

பெரியப்பாவுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. பள்ளிக்கூட மணி நின்றுபோனது. நம் மூளையில், பார்வை நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பு செல்கள் கொண்ட ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதைத் தினமும் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற செட்டிநாட்டு வீட்டுக்குள் எவ்வளவு வெளிச்சம் தெரிந்தாலும் அறைக்குள் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தாலே அதிகம். வெளியே வெயிலில் பத்தாயிரம் லக்ஸைத் தாண்டும். எட்டு மணிக்குச் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போன மனிதர் வீட்டுக்குள்ளேயே அடைந்ததும் ராத்திரித் தூக்கமும் கெட்டதில் ஆச்சரியம் இல்லை.

பக்கத்து வீட்டு ஆச்சி கொட்டான் பின்னுவார். கல்யாணச் சீரிலும் விசேஷ வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள், பனையோலையில் சிவப்பும் பச்சையுமாகப் பின்னிய அந்தக் கூடையை. பெரியப்பா ஒருநாள் சும்மா போய் உட்கார்ந்தவர், "இது கணக்குத்தானே ஆச்சி?" என்று கேட்டிருக்கிறார். ஆச்சி ஒரு கட்டு ஓலையை அவர் மடியில் போட்டுவிட்டார்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது நானும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். ஈர்க்கை எடுத்து, ஒரே அகலத்தில் கிழித்து, சாயத்தில் கொதிக்கவைத்துக் காயப்போட்ட ஓலை. பின்னுவதற்கு முன் அதைத் தண்ணீர் தொட்டுப் பதமாக்க வேண்டும். காய்ந்த ஓலையை மடக்கினால் விரிசல் விடும். அடிப்பாகம் பாய் மாதிரி ஒன்றுமேல் ஒன்றுகீழ். அது யாருக்கும் வந்துவிடும். மூலையில் ஓலையைத் திருப்பிப் பக்கவாட்டில் ஏற்றுகிற இடம்தான் சோதனை. பெரியப்பா இறுக்கிப் பிடித்தார். மூன்றாவது ஓலை நழுவியது, அடியும் கோணியது. ஆச்சி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாத்தியாரே, ஓலையோட சண்டை போடாதீங்க. அது போற பக்கம் விட்டுப் பிடிங்க." பிரித்தார், மறுபடி பின்னினார்.

அந்த நேரத்தில் அவர் தலைக்குள் நடந்ததைச் சொல்கிறேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி ஒவ்வொரு அசைவையும் யோசித்து யோசித்து விரலுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர் அரைமணியில் களைத்துப்போவது அதனால்தான். பின்மண்டையில் உள்ள சிறுமூளை, விரல் போக வேண்டிய இடத்தையும் உண்மையில் போன இடத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். பகலில் செய்த பயிற்சி ராத்திரித் தூக்கத்தில் இன்னும் உறுதியாகும். சில வாரம் கழித்து மூளையின் அடி ஆழத்தில் உள்ள பகுதிகள் வேலையை ஏற்றுக்கொள்ளும். கை தானாக ஓடும், வாய் ஊர்க்கதை பேசும்.

சரி, இதில் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? நரம்பியலாளர் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸ் 1990-களில் குரங்குகளிடம் செய்த ஆய்வுகள் இதற்கு ஒரு வழி காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் மூளை செல்கள் துள்ளின. வரும் என்று பழகிப்போன பிறகு அதே பழச்சாறுக்கு அவை அசையவில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாக நடந்தால்தான் அந்தத் துள்ளல். நாளெல்லாம் டிவி பார்ப்பவருக்குச் சீக்கிரமே சலித்துப்போவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மூலை கோணும் என்று பயந்தபடி பின்னி, அது நேராக வந்து நிற்கும்போது பெரியப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன். ரொம்பச் சுலபமானது சலிக்கும், ரொம்பக் கடினமானது விரட்டும். கைக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கிற வேலையில்தான் மனிதர் நேரத்தையே மறந்து மூழ்குகிறார் என்பதை உளவியலாளர் சிக்சென்ட்மிஹாய் 1970-களிலேயே எழுதினார்.

அறுபதுக்கு மேல் மூளை புதிதாகக் கற்குமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். டெக்சாஸில் டெனிஸ் பார்க் குழுவினர் 60 முதல் 90 வயது வரையிலான 221 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளியிட்டது. சிலர் டிஜிட்டல் போட்டோகிராபி கற்றார்கள், சிலர் துணி ஒட்டுத் தையல் கற்றார்கள், சிலர் இரண்டையும். வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், மூன்று மாதம். இன்னொரு குழு அதே அளவு நேரம் கூடிப் பேசி, விளையாடி, வெளியே போய்வந்தது. புதிதாக ஒன்றைக் கற்றவர்களுக்குத்தான் நினைவாற்றல் கூடியிருந்தது. திண்ணைப் பேச்சு மனதுக்கு நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நினைவாற்றலுக்குக் கொஞ்சம் சிரமமும் தேவைப்படுகிறது. இதை மருந்து போல எடுத்துக்கொள்ள வேண்டாம். மறதி நோய் வராது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

1976-இல் உளவியலாளர்கள் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் இருவரும் ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு தளத்தினரிடம் செடி கொடுத்து, இது உங்கள் பொறுப்பு என்றார்கள். இன்னொரு தளத்தில் செடிக்கு ஊழியர்களே தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றே வாரத்தில் பொறுப்பு ஏற்றவர்கள் கூடுதல் சுறுசுறுப்போடு இருந்தார்கள். தன்னை ஒன்று எதிர்பார்க்கிறது என்ற உணர்வு அவ்வளவு வேலை செய்கிறது.

எல்லாரும் ஓலை பின்னத்தான் வேண்டும் என்றில்லை. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் அழகப்பா கல்லூரிகளிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர் உண்டு. 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் அங்கேதான் இருக்கிறது. கம்பராமாயணத்தில் இதுவரை தொடாத ஒரு காண்டத்தை எடுத்து, பத்துப் பேர் முன்னால் விளக்கும் அளவுக்குப் படிப்பதும் மூளைக்குக் கொட்டான் பின்னல்தான். ஆத்தங்குடியில் தரைக் கல் செய்யக் கண்ணாடி மேல் வண்ணச் சிமென்ட் ஊற்றும் கையைப் பத்து நிமிடம் பார்த்தாலே தெரியும், கற்றுக்கொள்ள அதில் எவ்வளவு இருக்கிறது என்று.

பெரியப்பா இப்போது காலை ஆறரைக்கெல்லாம் ஓலை வாங்க நடந்தே போகிறார். தூக்கம் சரியாகிவிட்டது. ஆச்சியின் பேத்தி கல்யாணத்துக்கு நாற்பது கொட்டான் வேண்டும், அதில் பன்னிரண்டு இவர் பொறுப்பு. மூடியோடு. மூடி வாயில் சரியாக உட்கார வேண்டுமானால் எத்தனை ஓலை கூட்டணும் என்று பேப்பரில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். முதல் மூடி பெரிதாகப் போய்விட்டது. "ஓலை தடிமனைக் கணக்கில் சேர்க்கலை" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிரிக்க ஆரம்பித்தார்.