குண்டைத் தீர்மானிப்பது குழலின் முறுக்கு

அமெரிக்காவின் பல மாநிலங்களில், குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கென்றே மான் வேட்டைக்குத் தனிப் பருவம் உண்டு. அந்தத் துப்பாக்கியை வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, எவ்வளவு மருந்து போடலாம் என்று. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது குழலின் உட்புறத்தை.

உள்ளே திருகுபோல ஓடும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழற்றுகின்றன. பழைய பாணித் துப்பாக்கிகளில் பள்ளம் ஒரு சுற்று முடிக்க 66 அங்குலம்கூட எடுக்கும். இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் 28 அங்குலம்தான். உருண்டை ஈயக் குண்டுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது; காற்றால் அதைக் கவிழ்க்க முடியாது. மெதுவான சுழற்சியே போதும். நீளக் குண்டின் கதை வேறு. காற்றின் தள்ளல் அதன் எடை மையத்துக்கு முன்னால் விழுவதால், குண்டு தலைகுப்புறப் புரளப் பார்க்கும். பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, வேகமாகச் சுழன்றால்தான் நேராகப் போகும். 28 அங்குல முறுக்கில் வினாடிக்கு 550 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, வினாடிக்குச் சுமார் 770 முறை சுழல்கிறது!

சரி, உருண்டையையும் அப்படியே சுழற்றலாமே? துணி சுற்றிய உருண்டை பள்ளத்தைத் தொடுவது ஒரு மெல்லிய வளையத்தில்தான். வேகமான முறுக்கில் மருந்தையும் கூட்டினால் பிடி நழுவிவிடும்.

சேபோ என்பது நீளக் குண்டுக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் கிண்ணம். அரை அங்குலக் குழலில் 0.452 அங்குலக் குண்டை அது தாங்கிப் பிடிக்கும். பள்ளம் கவ்வுவது பிளாஸ்டிக்கை. வெளியே வந்ததும் அதன் இதழ்கள் காற்றில் விரிந்து பின்தங்கிவிடும். சுட்டபின் தரையில் கிடக்கும் கிண்ணத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். அடிப்பாகம் கருகியோ இதழ் கிழிந்தோ இருந்தால், மருந்து அதிகம் அல்லது கிண்ணம் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம். அடுத்தடுத்துச் சுட்டால் குழல் சூட்டில் பிளாஸ்டிக் இளகி, குறி சிதறும்.

பழைய வகை வெடிமருந்தான கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அந்தப் பிசுக்கைத் துடைக்காவிட்டால் அடுத்த குண்டு இறங்காது. பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் கருமருந்தைவிட எடை குறைவானவை என்பதால் தராசில் நிறுக்காமல் கன அளவில்தான் அளக்க வேண்டும். புகையில்லா மருந்தை மட்டும், அதற்கென்றே செய்யாத குழலில் போடவே கூடாது. அழுத்தம் தாங்காமல் குழல் வெடிக்கும்.

அப்புறம், குண்டு மருந்தின்மேல் அழுந்த உட்கார வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தாலும் குழலுக்கு ஆபத்துதான். அதனால்தான் கெட்டிக்கும் கம்பியில், சரியான ஆழத்துக்கு ஒரு கோடு போட்டு வைக்கிறார்கள்.