நான்கு சாட்சிகளும் ஒரு நீண்ட படமும்

தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரத்தில் நின்று கைபேசியில் எடுத்த பனோரமா படம் ஒன்றை வாசகி ஒருவர் அனுப்பியிருந்தார். நுழைவாயில் கோபுரம், விமானம், நந்திகள் வரிசையாக அமர்ந்திருக்கும் திருச்சுற்று மதில் என எல்லாம் ஒரே நீளப் படத்தில் அடங்கியிருந்தன. ஆனால் குறுக்கே ஓடிய அவருடைய ஆறு வயது மகனுக்கு மட்டும் ஒரு கையும், ஒரு காலும், பாதி முதுகும்தான் இருந்தன, முகமே இல்லை. படத்தைப் பார்த்த மாமியார் சகுனம் சரியில்லை என்று சொல்லிப் பரிகாரத்துக்கு நாள் பார்க்கத் தொடங்கிவிட்டாராம். சகுனத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்தப் படத்தைக் கைபேசி எப்படித் தயாரித்தது என்பதைச் சொல்ல முடியும்.

கைபேசியைப் பிடித்தபடி நாம் மெதுவாகத் திரும்பும்போது அது ஒரு படத்தை எடுப்பதில்லை. ஒன்றோடொன்று பெரும்பகுதி மேற்பொருந்தும் பல படங்களைத் தொடர்ந்து எடுக்கிறது. அவற்றை ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டினால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றலாம். இரண்டு படங்களை அச்சிட்டு மேசைமேல் வைத்துப் பாருங்கள்: ஒரு படத்தில் வலப்புறமாக ஏறிச்செல்லும் மதிலின் மேல்விளிம்பு, அடுத்த படத்தில் இறங்கிச் செல்லும். கேமரா திரும்பியதும் படம் விழும் தளமும் திரும்பிவிடுவதால், ஒரே மதில் இரண்டு விதமாகச் சரிந்து பதிவாகிறது. ஆகவே ஒட்டுவதற்கு முன்னால் ஒரு படத்தை ரப்பர் தாளைப் போல இழுத்து வளைத்தாக வேண்டும். எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதே கேள்வி.

இங்கே இயற்கை நமக்கு ஒரு சலுகை அளிக்கிறது. படத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியும் லென்ஸ் வழியாக ஏதோ ஒரு திசையிலிருந்து வந்த ஒளிக்கதிர். லென்ஸ் இருந்த இடத்திலேயே இருக்க, கேமரா மட்டும் திரும்பினால், வந்து சேரும் கதிர்கள் மாறுவதில்லை. அவை விழும் இடங்கள்தாம் மாறுகின்றன. அதனால் எந்தப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாமலேயே ஒரு படத்தை மற்றொன்றின் மேல் சரியாகப் பொருத்திவிடலாம். அந்த உருமாற்றத்துக்கு ஹோமோகிராஃபி என்று பெயர். மூன்று நிரையும் மூன்று நிரலும் கொண்ட ஓர் அணி அதற்குப் போதும். அதிலுள்ள ஒன்பது எண்களில் ஒன்றை 1 என்று வைத்துக்கொள்ளலாம் என்பதால், கண்டுபிடிக்க வேண்டிய எண்கள் எட்டு. முதல் படத்தில் ஒரு புள்ளி, இரண்டாவது படத்தில் அதே புள்ளி என்று ஒரு சோடி கிடைத்தால் இரண்டு சமன்பாடுகள் கிடைக்கும். எனவே நான்கு சோடிகள் இருந்தால் எட்டு எண்களும் தெரிந்துவிடும்.

சோடிகளைத் தேடும்போது கைபேசி வெற்றுச் சுவரையும் வானத்தையும் தொடுவதில்லை. சுவரின் ஒரு பகுதி பக்கத்துப் பகுதியைப் போலவே இருக்கும்; நேர்கோட்டு விளிம்பிலும் புள்ளி கோட்டின் போக்கிலேயே வழுக்கிவிடும். இரண்டு விளிம்புகள் சந்திக்கும் மூலைகளே அடையாளம் சொல்லத் தக்கவை. அத்தகைய புள்ளிகளைச் சுற்றியுள்ள வெளிச்ச மாறுபாட்டை எண்களின் வரிசையாக எழுதிவைத்து, இரு படங்களிலும் ஒத்த வரிசைகளைத் தேடுகிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டேவிட் லோ 1999-ல் முன்வைத்து 2004-ல் செம்மைப்படுத்திய சிஃப்ட் என்னும் முறையில் ஒரு புள்ளிக்கு 128 எண்கள். படம் சிறிதானாலும் சுழன்றாலும் அவை பெரிதாக மாறுவதில்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். பெரிய கோயில் மதிலில் ஒரு நந்தியின் திமில் பக்கத்து நந்தியின் திமிலைப் போலவே இருக்கிறது. 128 எண்கள் என்ன, ஆயிரம் எண்கள் இருந்தாலும் கணினி ஏமாறும். 400 சோடிகள் கிடைத்தால் அவற்றில் 200 தவறாக இருப்பது சாதாரணம். அந்த 200 எவை என்பதுதான் தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு, பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும் விடையைத் தேடும் மீச்சிறு வர்க்க முறையில் கணக்கிட்டால், வெகுதூரம் விலகிய பொய்ச் சோடிகள் விடையைத் தம் பக்கம் இழுத்துவிடும். நல்லதும் கெட்டதும் கலந்த பானையிலிருந்து நல்லதை மட்டும் எடுக்க வேண்டும். எது நல்லது என்று தெரிய வேண்டுமானால் முதலில் விடை தெரிந்திருக்க வேண்டும். விடை தெரிய வேண்டுமானால் நல்லது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவின் எஸ்.ஆர்.ஐ. இன்டர்நேஷனல் என்ற ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய மார்ட்டின் ஃபிஷ்லரும் ராபர்ட் போல்ஸும் 1981-ல் இந்தச் சுழலை உடைத்த விதம், எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. முடிந்த அளவு அதிகமான தரவைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது பொதுவான பழக்கம். அவர்களோ முடிந்த அளவு குறைவான தரவை எடுக்கச் சொன்னார்கள். குடவோலையில் ஓலை எடுப்பதைப் போலக் கண்ணை மூடிக்கொண்டு நான்கு சோடிகளை எடுக்க வேண்டும். அவை உண்மையென்று நம்பி அணியைக் கணக்கிட வேண்டும். பிறகு மீதமுள்ள 396 சோடிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, "இந்தக் கணக்கின்படி நீ எங்கே இருக்க வேண்டுமோ, அதற்கு இரண்டு மூன்று படப்புள்ளி தூரத்துக்குள் இருக்கிறாயா?" என்று கேட்டு, ஆம் என்றவர்களை எண்ணிக்கொள்ள வேண்டும். எண்ணியபின் நான்கையும் பானையில் போட்டுவிட்டு வேறு நான்கை எடுக்க வேண்டும்.

எடுத்த நான்கில் ஒன்று பொய்யாக இருந்தாலும் அணி தாறுமாறாகிவிடும். தற்செயலாகப் பொருந்தும் சிலரைத் தவிர யாரும் கை தூக்க மாட்டார்கள். நான்கும் மெய்யாக அமைந்த அந்த ஒரு முறை மட்டும், பானையிலுள்ள மெய்ச் சோடிகள் அத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய 200 கைகளைத் தூக்கும். மெய்ச் சோடிகள் எல்லாம் ஒரே திருப்பத்துக்குச் சாட்சி சொல்கின்றன. பொய்ச் சோடிகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் புளுகுகின்றன. இந்த முறை முழுவதும் நம்பியிருப்பது பொய்யர்களிடையே ஒற்றுமை இல்லை என்ற அந்த ஒரு விஷயத்தைத்தான். எத்தனை முறை ஓலை எடுக்க வேண்டும்? பாதி சோடிகள் மெய்யென்றால், நான்கும் மெய்யாக அமைய 16-ல் ஒரு வாய்ப்பு. 72 முறை எடுத்தால் ஒரு தடவையாவது அப்படி அமைவதற்கான வாய்ப்பு 99 விழுக்காடு. மெய் 30 விழுக்காடாகக் குறைந்தாலும் ஏறத்தாழ 570 முறை போதும். கைபேசிக்கு அது கண்சிமிட்டும் நேர வேலை. ரான்சாக் என்று பெயர் பெற்ற இந்த முறையையும் லோவின் புள்ளிகளையும் இணைத்து, வரிசை கலைந்த படக்குவியலிலிருந்து பனோரமாக்களைத் தானாகவே பிரித்து ஒட்டும் மென்பொருளை மேத்யூ பிரவுனும் லோவும் 2003-ல் செய்துகாட்டினார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. சட்டகம் முழுவதும் ஒரே மாதிரியான நந்திகள் மட்டுமே நிறைந்திருந்தால், எல்லாச் சோடிகளும் ஒரு நந்தி அளவு தள்ளிப் பொருந்திவிடக் கூடும். அப்போது பொய்யர்களிடையே ஒற்றுமை வந்துவிடுகிறது. வாக்கெடுப்பு ஏகமனதாகவே தவறான முடிவைத் தரும். கைபேசியிலுள்ள கைரோஸ்கோப் இங்கே கைகொடுக்கிறது. எத்தனை பாகை திரும்பினோம் என்பதை அது முன்கூட்டியே தோராயமாகச் சொல்லிவிடுவதால், அதற்கு வெகுவாக முரண்படும் விடைகள் தள்ளப்படுகின்றன. ஆனால் தூரத்து நந்திகள் நெருக்கமாகத் தெரியும்போது தோராயம் போதாமல் போவதும் உண்டு.

இத்தனையும் லென்ஸ் இடம்பெயரவில்லை என்ற நிபந்தனைக்கு உட்பட்டவை. நாமோ கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்போடு திரும்புகிறோம். கை நீளம் அரை மீட்டர் என்றால், 10 பாகை திரும்புவதற்குள் கைபேசி ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 60 மீட்டர் தொலைவிலுள்ள விமானத்துக்கு அது 0.1 பாகைக்கும் குறைவான பிசகு. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள கம்பித் தடுப்புக்கோ 5 பாகை. இயற்பியல் ஆய்வகத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்து மதிப்பெண் இழந்தோமே, அதே இடமாறு தோற்றப் பிழைதான். விமானத்தைப் பொருத்தினால் கம்பி உடைகிறது. கம்பியைப் பொருத்தினால் விமானம் உடைகிறது. கைபேசியை அச்சாக வைத்து நாம் அதைச் சுற்றி நகர்ந்தால் இந்தப் பிழை பெரிதும் குறையும்.

நகர்ந்தாலும் பாதகமில்லாத ஒரு சூழல் இருக்கிறது: எடுக்கப்படும் பொருள் தட்டையாக இருப்பது. அதே பெரிய கோயிலில் 1858-ல் லின்னேயஸ் டிரைப், விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 அச்சுப்படங்களைக் கையாலேயே ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டுச் சுவர் பெரும்பாலும் தட்டையாக இருந்தது அவருக்கு உதவியது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த அவருடைய பணியை, அடுத்து வந்த ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் ஆடம்பரச் செலவு என்று கருதி நிறுத்தினார். உடனடிப் பயன் என்ன என்று கேட்டு நிதியை வெட்டும் வழக்கம் நேற்று வந்ததல்ல. வான்படங்களிலிருந்து வரைபடம் தயாரிப்பதற்காக எழுதப்பட்ட ரான்சாக் கட்டுரையின் ஆசிரியர்களிடம் 1981-ல் இக்கேள்வியைக் கேட்டிருந்தால், கோயிலுக்கு வரும் குடும்பங்கள் படமெடுத்துக்கொள்ளும் என்று அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது.

பொருத்தியான பிறகு, மேற்பொருந்தும் பகுதியில் எந்தப் படத்தை எதுவரை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய வேண்டும். இரு படங்களுக்கும் வேறுபாடு மிகக் குறைவாக உள்ள புள்ளிகளாகத் தேடித்தேடி, மேலிருந்து கீழ்வரை நெளிந்து இறங்கும் ஒரு தையல் கோட்டை மென்பொருள் வரைகிறது. கோட்டின் இருபுறமும் வெளிச்சம் வேறுபட்டால், பர்ட்டும் அடெல்சனும் 1983-ல் காட்டிய வழியில், வானம் போன்ற மென்மையான நிறமாற்றங்களை அகலமாகவும் நுண்ணிய விவரங்களைக் குறுகலாகவும் கலந்துவிடுகிறது. கடைசியில் எல்லாவற்றையும் ஓர் உருளையின் மேல் விரிப்பதால், நேரான மதில் வில்லைப் போல வளைந்து தெரிகிறது.

சிறுவனுக்கு நேர்ந்தது தையல் கோட்டில்தான். இடப்பக்கப் படத்தில் அவன் ஓர் இடத்தில் இருந்தான். அடுத்த படத்துக்குள் ஓடிவிட்டான். கோடு அவன் முதுகின் ஊடே இறங்கியது. இடப்பக்கம் அவனுடைய பாதி எஞ்சியது; வலப்பக்கப் படத்தில் அந்த இடத்தில் வெறும் கல்தரைதான் இருந்தது. கைபேசி திரும்பும் திசையிலேயே அவன் ஓடியிருந்தால் இழுத்த மிட்டாயைப் போல அகன்றிருப்பான்; எதிர்த்திசையில் ஓடியிருந்தால் குச்சியாகியிருப்பான். 1904-ல் காப்புரிமை பெற்ற சுழலும் சர்க்கட் கேமராவின் காலத்தில், பள்ளிக் குழுப்படம் எடுக்கும்போது குறும்புக்காரர்கள் கேமராவுக்குப் பின்னால் ஓடி வரிசையின் மறுகோடியில் போய் நின்று, ஒரே படத்தில் இரண்டு முறை விழுந்தார்கள்.

அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மதிலின் வலது கோடியில், மற்றவற்றைவிட ஒன்றரை மடங்கு நீளமாக ஒரு நந்தி படுத்திருக்கிறது. அதற்குத் திமில் இரண்டு. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது; மாமியாரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.